சுவரோரத்துப் பிள்ளைகள்

சென்ற மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று என் மருத்துவச்சிப் பையை ஆஸ்பத்திரி ஆபீசில் திருப்பிக் கொடுத்தேன். கணக்கெழுதும் கிராணித் தம்பி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாக வாங்கி மேசையில் அடுக்கினான். எனாமல் பேசின், நகம் தேய்க்கும் பிரஷ், கத்தரிக்கோல் இரண்டு, தொப்புள்கொடி கட்டும் நூல் ஒரு சுருள், லைசால் புட்டி, பிள்ளையின் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் என் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி பையின் மூலையிலிருந்து உருண்டு வந்தது. அவன் பட்டியலை மேலும் கீழும் பார்த்தான்.

"இது லிஸ்ட்டுல இல்லியே மிஸி. என்னா மருந்து?"

"மருந்து இல்ல தம்பி. தண்ணி."

"தண்ணியா? அப்ப நீங்களே வச்சுக்குங்க லா," என்று குப்பியை என் பக்கம் தள்ளினான்.

பக்கத்தில் நின்ற இரண்டு புது நர்சுகள் சிரித்தார்கள். இருவரும் எங்கள் மாதா கோயில் பிள்ளைகள். அது என்ன தண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். முப்பத்தொன்று என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முப்பத்திரண்டாவது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு சரியாக இல்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

நான் படித்து வேலைக்கு வந்த கதை நீளமில்லை. அப்பா காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்தவர். நான் பிறந்தது பினாங்கில்தான். கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷத்தில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து மூன்று வருஷம் வார்டு கழுவினேன். பிறகு மருத்துவச்சி வேலைக்கு எடுத்தார்கள், ஊரார் வாயில் மிஸி ஆனேன். இரண்டு வருஷம் படிப்பு. அதில் பாதி நாள் கை கழுவுவதிலேயே போயிற்று. முழங்கை வரை ஐந்து நிமிஷம் பிரஷால் தேய்க்க வேண்டும். மேட்ரன் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நாலரை நிமிஷத்தில் எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து.

அந்த மேட்ரன் ஸ்காட்லாந்துக்காரி. மாதம் ஒருமுறை எங்கள் பையைச் சோதனை போடுவார். முதல் சோதனையிலேயே என் குப்பி அகப்பட்டுவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டார். பிள்ளை சாகப் போகிறது என்று தெரிந்தால் தலையில் ஊற்ற என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் வேறு சபை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

கொதிக்க வைத்த தண்ணீரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தினமும் மாற்று என்று சொல்லிப் பையில் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் வேதத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது குருவின் வேலை; அவரைச் சாமி என்போம். பிள்ளை சாகக் கிடந்து, சாமி வர நேரமில்லை என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெற்று இறக்கும் பச்சைப்பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போய்விடும். அதைச் சம்மனசு என்போம். தலையில் பூமுடி வைத்து, வெள்ளை உடுத்தி, துக்க மணி அடிக்காமல் திருநாள் மணி அடித்து அடக்கம் செய்வோம். பெற்றவள் அழுதுகொண்டே அந்தப் பிள்ளையிடம், எனக்காக வேண்டிக்கொள் என்று கேட்பாள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைக்கு இது ஒன்றும் இல்லை. மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, துன்பமில்லாத ஓர் இடம், ஆனால் அங்கே சர்வேசுரனுடைய முகத்தைக் காண முடியாது என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தோம். கல்லறையிலும் சாமி மந்திரித்த நிலத்தில் இடமில்லை. பின்சுவரை ஒட்டிக் கொஞ்சம் மண் விட்டிருந்தார்கள். குருசு நடக்கூடாது, பேர் எழுதக்கூடாது.

அதனால் மருத்துவச்சிகளாக இருந்த நாலு கத்தோலிக்கப் பெண்களையும் எங்கள் சாமி கோயில் பின்னறையில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அவர் பிரெஞ்சுக்காரர். தமிழைப் புதுச்சேரியில் படித்தவர். செபப்புத்தகம் பேசினால் எப்படி இருக்கும், அப்படிப் பேசுவார். ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு எங்களை ஊற்றச் சொல்வார். தண்ணீர் மயிரில் நின்றால் போதாது, தோலில் பட்டு ஓட வேண்டும். ஊற்றும்போதே சொல்ல வேண்டும். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உயிர் இருக்கிறதா என்று சந்தேகமானால், நீ உயிரோடிருந்தால் என்று முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றவர்கள் கேட்காத வீட்டில் செய்யவே கூடாது. ஊற்றுகிறவர் எந்த வேதமானாலும் சரி, திருச்சபை செய்கிறதைச் செய்கிறேன் என்று நினைத்துச் செய்தால் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாது.

ஒவ்வொரு தடவையும் நான் போய் அவரிடம் சொல்லிப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். பேனாவை மையில் தோய்த்து வைத்துக்கொண்டு கேட்பார். "நீர் தலையில் ஓடினதா? யார் ஊற்றினது? யார் சொன்னது?" இருபதாவது பிள்ளைக்கும் முதல் பிள்ளைக்குக் கேட்டது போலவே கேட்பார். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். "நாந்தான் சாமி, எப்பவும் நாந்தான், வேற யாரு?" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மிக்கேலம்மா, கேட்பது என் வேலை, சொல்வது உன் வேலை," என்றார்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் வேலைக்கு வந்து ஏழாவது வருஷம். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியைப் பலகையால் தடுத்து மூன்று குடும்பம் இருந்த வீடு. நடு அறையில் ஆரோக்கியமும் தெரேசாவும் இருந்தார்கள். ஆரோக்கியம் துறைமுக ஜெட்டியில் கிராணி. தெரேசாவுக்கு இருபத்திரண்டு வயது. தலைப்பிரசவம். அடுத்த அறையில் மைமூன் அக்கா இருந்தாள். அவள் புருஷன் காவடியில் சோறு சுமந்து விற்பவர். தெரேசாவுக்குத் தாய் ஊரில் இருந்ததால் எட்டு மாதமும் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், கால் வீங்கினால் வெந்நீர் ஊற்றியதும் இந்த மைமூன் அக்காதான்.

நாள் இன்னும் ஒரு மாதம் இருந்தது. காலை பத்து மணி சுமாருக்கு வலி கண்டு, ஆரோக்கியம் ஜெட்டிக்குப் போயிருந்ததால் மைமூன் அக்காவே ரிக்‌ஷா பிடித்து வந்து என்னை அழைத்துப் போனாள். நான் போய்க் கை கழுவி முடிக்கும்போதே தலை தெரிந்தது. பெண் பிள்ளை. கொடி கழுத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அவிழ்த்து எடுத்தேன். வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, காலைப் பிடித்துத் தட்டியபோது ஒரு மூச்சு இழுத்தது. பிறகு இன்னொன்று. சரி, பிழைக்கும் என்று நினைத்தேன். கொடியைக் கட்டி வெட்டி, துணியில் சுற்றிப் பக்கத்துப் பாயில் கிடத்தினேன்.

நஞ்சுக்கொடி விழுந்தது. அதோடு தெரேசாவுக்கு உதிரம் கொட்டத் தொடங்கிற்று. கொட்டியது என்றால், பாயைத் தாண்டிப் பலகைக்குப் போயிற்று. வயிற்றைத் தேய்த்தேன், கருப்பை இறுகவில்லை. மேட்ரன் சொல்லிக் கொடுத்தபடி ஒரு கையை முஷ்டியாக உள்ளே வைத்து, மற்றக் கையால் வயிற்றுக்கு மேலிருந்து அதன்மேல் அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் தாய் போய்விடுவாள். கீழ்வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஓடி டாக்டரைக் கூட்டி வரச் சொல்லும்படி மைமூன் அக்காவிடம் சொன்னேன். அவள் படியில் நின்று கத்திவிட்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மிஸி, புள்ள நீலமாகுது."

திரும்பிப் பார்த்தேன். ஒரு கை எட்டும் தூரம். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நான் இருபது எண்ண முடிந்தது. முதுகைத் தேய்க்கச் சொன்னேன், வாயில் ஊதச் சொன்னேன். அவள் எல்லாம் செய்தாள். தெரேசா கண்ணைத் திறக்காமலே முனகினாள். "மிஸி... ஞானஸ்நானம்... மதலேன்னு பேரு..."

என் இரண்டு கையும் தாயிடம் இருந்தன. பையில் குப்பி இருந்தது. எதிரில் மைமூன் அக்கா இருந்தாள். அவளையே ஊற்றச் சொல்லி, அவளையே சொல்லச் சொல்லியிருக்கலாம். அது செல்லும் என்று எனக்குத் தெரியும். சாமி பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் ஐந்து வேளையும் தொழுகிற பெண்ணிடம், பிதா என்றும் சுதன் என்றும் சொல் என்று எப்படிக் கேட்பது? அது அவள் வாயில் வரக்கூடாத சொல். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஒரு நொடியில் நானே முடிவு செய்துவிட்டேன். மரியாதை என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, பையில சின்னக் குப்பி இருக்கு. அதத் தொறந்து புள்ள தலையில மூணு தரம் ஊத்துங்க. நான் சொல்றப்ப ஊத்துங்க."

அவள் ஊற்றினாள். நான் சத்தமாகச் சொன்னேன். மதலேன், பிதாவுடையவும் சுதனுடையவும் என்று முழுதும் சொல்லி முடித்தேன். தண்ணீர் நெற்றியில் ஓடிக் காதுக்குப் பின்னால் இறங்கியதைப் பார்த்தேன். பிள்ளை இன்னும் ஒரு மூச்சு இழுத்தது. அதற்குப் பிறகு இழுக்கவில்லை. பள்ளிவாசலில் லுஹர் என்ற நடுப்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். மைமூன் அக்கா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் வந்தபோது உதிரம் நின்றிருந்தது. என் கைகள் மரத்துப் போயிருந்தன. அவரே பிடித்து எடுத்துவிட்டார். தாயைக் காப்பாற்றிவிட்டாய் என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு அதிர்ச்சியான செய்தி எதையும் அவளிடம் சொல்லக் கூடாது என்றார். தெரேசா விழித்ததும் என்னைத்தான் கேட்டாள்.

"குடுத்தீங்களா மிஸி?"

"குடுத்தாச்சும்மா."

அப்போது நான் அதை நம்பித்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "சம்மனசா போயிட்டா," என்றாள்.

ஜெட்டியிலிருந்து ஓடி வந்த ஆரோக்கியத்தை இரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு சாமியிடம் போனேன். அவனை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். சாமி புத்தகத்தைத் திறந்து பேனாவைத் தோய்த்தார்.

"நீர் தலையில் ஓடினதா?"

"ஓடுச்சு சாமி. என் கண்ணால பாத்தேன்."

"யார் ஊற்றினது?"

"பக்கத்து வீட்டு மைமூன் அக்கா. என் கை ரெண்டும் தாய்கிட்ட..."

நடுவிலேயே நிறுத்திவிட்டேன். ஊற்றியது ஒருவர், சொன்னது இன்னொருவர்; அந்தப் பதற்றத்தில் மறந்தது இப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. பேனாவைத் துடைத்துக் கீழே வைத்தார்.

பிறகு நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. "எழுதிக்குங்க சாமி. நான்தான் ஊத்துனேன்னு எழுதிக்குங்க. அந்தத் தாய்க்கு இது ஒண்ணுதான் இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும்தானே தெரியும்."

"எழுதினால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் மிக்கேலம்மா?" என்றார். "என் புத்தகத்தில் ஓர் இடம் கிடைக்கும். அவ்வளவுதானே."

"அப்ப அந்தப் புள்ள இப்ப எங்க சாமி?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சர்வேசுரன் நமக்கு ஒரு வாசலைக் காட்டியிருக்கிறார். அவருக்கு வேறு வாசல் உண்டா என்று நீ கேட்கிறாய். உண்டு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை."

அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டினேனா என்றுகூட நினைவில்லை. வெளியே வந்து ஆரோக்கியத்திடம் நானே சொன்னேன். அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில், "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க மிஸி. தாங்க மாட்டா," என்றான். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு அடக்கம். மணி அடிக்கவில்லை. தேவதாரு மரப்பெட்டி ஒன்றை ஆரோக்கியம் மார்போடு அணைத்து எடுத்து வந்தான். மைமூன் அக்கா கட்டிக் கொடுத்த மல்லிகைப் பூமுடி உள்ளே இருந்தது. அதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழிவெட்டுகிறவர் எங்களைப் பின்சுவருக்கு அழைத்துப் போனார்.

அந்த இடத்துக்கு எனக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. பதினாலு வருஷத்துக்கு முன் என் பிள்ளையை அங்கேதான் வைத்தோம். ஆண் பிள்ளை. கால் மணி நேரம் உயிரோடிருந்தான். பிரசவம் பார்த்த கிழவிக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் அன்று ஒன்றும் தெரியாது. என் புருஷன் சாமியைக் கூப்பிட ஓடிப்போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வார்டு கழுவப் போனதும், மருத்துவச்சி ஆனதும், குப்பியைப் பையில் வைத்ததும் அதனால்தான். இன்னொருத்திக்கு இது வரக்கூடாது என்று இருந்தவள் நான். என் கையாலேயே வந்தது.

நாங்கள் நிற்கும்போது சாமி குடையோடு வந்தார். வெள்ளை மேலாடை இல்லை, தோளில் பட்டை இல்லை, தீர்த்தம் இல்லை. சாதாரண அங்கியில் வந்து நின்றார். ஆரோக்கியம் அவரைப் பார்த்துத் திகைத்தான்.

"எனக்கு இங்கே இன்றைக்கு உத்தியோகம் ஒன்றும் இல்லை," என்றார் சாமி. "செபமாலை சொல்ல உத்தியோகம் வேண்டியதில்லை."

ஈர மண்ணில் முழங்கால் போட்டார். ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அங்கியெல்லாம் சேறு. ஆரோக்கியம் பதில் சொன்னான், குழிவெட்டுகிறவரும் சொன்னார்.

பிரசவம் முடிந்து பத்து நாள் தினமும் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். காய்ச்சல் பார்த்து, உடம்பு துடைத்து, துணி மாற்றிப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். தினமும் போனேன். தினமும் தெரேசா எனக்குச் சொன்னாள், இன்றைக்கு மதலேனிடம் என்னென்ன கேட்டாள் என்று. பால் கட்டி மார்பு கல்லாகி அவள் துடித்த நாளில், "எம்புள்ளகிட்ட சொல்லியிருக்கேன், அவ பாத்துக்குவா," என்றாள். நான் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கி வந்தேன். அந்தப் பத்து நாளும் எனக்குச் செபம் வரவில்லை. முழங்கால் போட்டால் கோபம்தான் வந்தது. ஒரு குப்பித் தண்ணீர், நாலு சொல். அதை யார் கையில், யார் வாயில் என்று பார்த்துக்கொண்டா மேலே இருக்கிறீர் என்று கேட்டேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மைமூன் அக்கா படியிலேயே என்னை நிறுத்தினாள். ஆரோக்கியம் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"என் கை பட்டதாலயா மிஸி?"

"இல்லக்கா. நீங்க ஊத்தி நீங்களே சொல்லியிருந்தா அது செல்லும். உங்ககிட்ட அதக் கேக்கக்கூடாதுன்னு நெனச்சு நான் சொல்லிட்டேன். தப்பு என்னுது."

அவள் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள். "எங்கள்ல பச்சப்புள்ள மவுத்தாப் போனா நேரா சொர்க்கம்தான் மிஸி. ஒரு கேள்வி கெடையாது." பிறகு சொன்னாள்: "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பனா, மாட்டனா, எனக்கே தெரியல. ஆனா நீங்க கேக்கவேயில்லியே."

அன்றைக்கு அவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் சொன்ன கடைசிச் சொல் இன்றைக்கும் வலிக்கிறது. அவளுக்காக நானே பதில் சொல்லிக்கொண்டேன். அதை மரியாதை என்று நினைத்தேனே, அதுதான் நான் செய்த பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

பத்தாம் நாள் போனபோது தெரேசா எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. நாற்பதாம் நாள் கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் ஆசீர்வாதம் வாங்கிய கையோடு கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள். பிள்ளைகள் வரிசையில் மதலேனுக்கு எந்தப் பக்கம் இடம், வெள்ளைக் குருசு எவ்வளவு உயரத்தில் நடலாம் என்று கேட்டாள். அந்த வரிசையில் போய் அவள் தேடுவதை நினைத்துப் பார்த்தேன். டாக்டர் சொன்ன இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. ஆரோக்கியத்துக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. எனக்கோ இது கடைசி வருகை. நாளையிலிருந்து அவளை யார் பக்கத்தில் இருந்து தாங்குவார்கள்?

உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். யார் ஊற்றியது, யார் சொன்னது, ஏன் அப்படி, சாமி என்ன சொன்னார், பெட்டியை எங்கே வைத்தோம். சுற்றி வளைக்கவில்லை, சுற்றி வளைத்தால் சொல்லி முடித்திருக்க மாட்டேன்.

சீப்பைக் கையில் வைத்தபடி கேட்டாள். "அப்ப அவ சர்வேசுரனப் பாக்க மாட்டாளா?"

"எனக்குத் தெரியலம்மா. நம்ம சாமியாருக்கும் தெரியலயாம். தெரியும்னு பொய் சொல்ல அவரு மாட்டேன்னுட்டாரு."

"பத்து நாளா நான் யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

சீப்பை வாங்கக் கை நீட்டினேன்.

"போங்க மிஸி," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "போயிடுங்க."

பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனேன். உடம்பு துடைக்கவில்லை என்பது அங்கேதான் நினைவு வந்தது. பத்தாம் நாள் கடைசிக் குளிப்பாட்டு முடிக்காமல் புத்தகத்தை மூட முடியாது. ஏழு வருஷப் பழக்கம், கால் தானாகத் திரும்பிற்று. வாசலில் நின்று, "ஒடம்பு தொடச்சு விட்டுட்டுப் போயிடறேம்மா," என்றேன். அவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

பேசினில் வெந்நீர் ஊற்றி, சட்டையைக் கழற்றி, கழுத்திலிருந்து துடைக்கத் தொடங்கினேன். முதுகெலும்பெல்லாம் தெரிந்தது. அவள் அழுகிறாள் என்பது கையில் தெரிந்தது, சத்தமில்லை. இடது தோளை முடித்து வலது தோளுக்கு வந்தபோது கேட்டாள்.

"அந்தச் செவுத்தோரமா வேற யாரு இருக்கா மிஸி?"

பதினாலு வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "எம்புள்ள இருக்கான்."

அவள் திரும்பவில்லை. "உங்களுக்குப் புள்ள இருந்திச்சா?"

"கால் மணி நேரம் இருந்தான்."

"எத்தினி வருசம் ஆவுது?"

"பதினாலு."

"பதினாலு வயசா," என்றாள். "பெரிய பையன். அப்ப எம்பொண்ணத் தூக்கி வச்சுக்குவான்."

துண்டு என் கையிலேயே நின்றுவிட்டது. அவனை நான் எப்போதும் கால் மணி நேரப் பிள்ளையாகவே வைத்திருந்தேன். வளர்ந்திருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"பேரு என்ன மிஸி?"

"வைக்கலம்மா. ஞானஸ்நானம் இல்லாம எப்படிப் பேரு வைக்கிறது?"

இப்போதுதான் அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "பேரு இல்லாட்டி எம்பொண்ணு அவன என்னன்னு கூப்பிடுவா?"

துண்டைப் பேசினில் போட்டேன். "சவரிமுத்துன்னு வைக்கணும்னு அவங்கப்பா சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"சவரி அண்ணன்," என்றாள் தெரேசா. இன்னொரு தடவையும் சொன்னாள், மெதுவாக, பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "சவரி அண்ணன்."